180 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ள டெஸ்க்டாப்பில் எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?

கேள்வி: 2019-இல் புதுச்சேரியில் ஒரு ஷோரூமில் பிராண்டட் டெஸ்க்டாப் வாங்கினோம். ஐ5 9400 பிராசசர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், எஸ்எம்பிஎஸ் 180 வாட். கல்லூரியில் அனிமேஷன் படிக்கும் மகளுக்கு பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருள் ஓட வேண்டும். ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் "இதுல எதுவும் போட முடியாது, புதுசா வாங்கிடுங்க" என்கிறார்கள். எது சரி? மானிட்டர் பழைய விஜிஏ வகை.
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டும் சரியில்லை. இந்தக் கணினியில் கார்டு போடலாம், ஆனால் 3060 போட முடியாது. பிராசசரும் மதர்போர்டும் தடையில்லை; கணினிக்கு கரன்ட் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் அந்த 180 வாட்தான் தடை.

3060 முழு வேலையில் 170 வாட் வரை இழுக்கும். 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. "அப்போ எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திடலாம்" என்பார்கள். அசெம்பிள் செய்த கணினியில் அது அரை மணி நேர வேலை. பிராண்டட் பெட்டியில் கதை வேறு. டெல், எச்பி, லெனோவோ மூன்றுமே பல மாடல்களில் வழக்கமான 24 பின் பிளக்கை விட்டுவிட்டுத் தங்கள் சொந்த பிளக்கை வைத்திருக்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் திருகு துளைகளும்கூடப் பொருந்தாமல் போகலாம். பல பெட்டிகளில் ஹார்டு டிஸ்க்குக்கு கரன்ட் போவதே மதர்போர்டிலிருந்துதான். எஸ்எம்பிஎஸ்ஸுக்காக மதர்போர்டு, மதர்போர்டுக்காக கேபினெட் என்று இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் பழையதில் மிஞ்சுவது பிராசசரும் ராமும் மட்டுமே.

ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரிலிருந்து கார்டுக்கான 6 பின் பிளக்கை எடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்றையும் நீட்டுவார்கள். அதைத் தொடவே வேண்டாம். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட்தான். 6 பின் பிளக் 75 வாட் வரை கேட்கும். மிச்சத்தை இழுக்கும்போது பிளக் சூடாகி பிளாஸ்டிக் உருகும்.

ஆக, தனி பவர் வயர் இல்லாமல், மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டிலிருந்தே கரன்ட் எடுக்கும் கார்டுதான் உங்களுக்கு வழி. பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். கணக்கு இப்படி: பிராசசருக்கு 65, போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து சுமார் 30, கார்டுக்கு 70. கூட்டினால் 165. இடம் இருக்கிறது, தாராளமாக இல்லை. பிராசசர் சில நொடிகளுக்கு 65-ஐத் தாண்டியும் இழுக்கும் என்பதால் இந்த நெருக்கத்தை மறக்க வேண்டாம். கீழே இதற்கு ஒரு வழி சொல்கிறோம். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரையும் பாருங்கள். 15 ஆம்பியர் என்றால் 15 × 12 = 180 வாட் முழுவதும் அந்த லைனில் கிடைக்கும். அதைவிடக் குறைவாக இருந்தால் கார்டுக்குக் கிடைப்பதும் அந்த அளவுக்குக் குறையும்.

எங்கள் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட். இதில் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. அதே 3050 பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 130 வாட், தனி பவர் வயர் கேட்கும். "ரெண்டு ஜிபி கூடுதலாத்தானே தர்றோம்" என்று கடையில் கையில் கொடுத்தால் வாங்கி வராதீர்கள். டப்பாவில் 6 ஜிபி என்று இருக்க வேண்டும், கார்டின் மேல் விளிம்பில் பவர் பிளக் இருக்கக் கூடாது. இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறதென்றால் ஜிடிஎக்ஸ் 1650. அது 75 வாட். அதிலும் சில மாடல்களில் 6 பின் பிளக் உண்டு, பார்த்து வாங்குங்கள். மெமரி 4 ஜிபிதான், பெரிய பிளெண்டர் காட்சிகளில் சீக்கிரம் நிரம்பிவிடும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இனி வேண்டாம்: அந்தத் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் அப்டேட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட் என்று ஆசை காட்டும்; ஆனால் அதற்கு 4 லேன் (தரவு போய்வரும் பாதை)தான், உங்கள் போர்டு பிசிஐ 3.0 என்பதால் வேகம் இன்னும் அடிபடும், வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடரும் இல்லை. ஜிடி 730-ஐ "4 ஜிபி கார்டு" என்று விற்பார்கள். ஜிபி எண்ணைப் பார்த்து கார்டு வாங்குவது, டேங்க் அளவைப் பார்த்து பைக் வாங்குவது போல.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்த அடிப்படை மென்பொருளை) மாற்றிப் புதிய பெயரில் விற்றிருந்தால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுக்கும். புதுச்சேரியில் வரி குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; ஜிஎஸ்டிக்குப் பிறகு இரு பக்கமும் 18 சதவீதம்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போவதானாலும் சீரியல் எண் போட்ட பில் இல்லாமல் திரும்பாதீர்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் பக்க மூடியைக் கழற்றி ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பின் தகட்டிலிருந்து முன்னால் ஹார்டு டிஸ்க் கூண்டு வரை எத்தனை மில்லிமீட்டர் என்பது முக்கியம். ஒற்றை ஃபேன் கார்டுகள் பெரும்பாலும் 150 முதல் 180, இரட்டை ஃபேன் 200-க்கு மேல். எக்ஸ்16 ஸ்லாட்டுக்குப் பக்கத்து ஸ்லாட்டும் காலியாக வேண்டும், கார்டின் ஹீட்சிங்க் அந்த இடத்தையும் பிடிக்கும். சில போர்டுகளில் சாட்டா பிளக்குகள் ஸ்லாட்டின் வால் பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கும், அங்கே கார்டு இடிக்கும். பெட்டி ஒல்லியான வகை என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் மாடல்தான் நுழையும்; 3050 6 ஜிபியில் அதுவும் வருகிறது.

மாட்டுவது சுலபம். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை பத்து நொடி அழுத்துங்கள், மிச்ச கரன்ட் வடியும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்ட பிறகு கார்டைக் கையில் எடுங்கள். ஆறு ஆண்டுக்கு மேலாகத் திறந்தே கிடந்த ஸ்லாட் அது. கடற்கரை ஊரில் தூசியோடு ஈரமும் உப்பும் சேர்ந்து படியும். மெல்லிய பிரஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். செகண்ட் ஹேண்ட் கார்டானால் தங்க நிற விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். ஸ்லாட்டின் கோடியில் உள்ள சின்ன கிளிப்பைத் திறந்து, இரு முனையிலும் சமமாக அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். திருகைப் போட மறக்க வேண்டாம். பின்னாளில் கழற்றும்போது அந்த கிளிப்பை விடுவிக்காமல் இழுத்தால் ஸ்லாட் உடையும்.

மானிட்டர் வயரை மதர்போர்டிலேயே விட்டுவிட்டு "டிஸ்பிளே வரலை" என்று கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓடுபவர்கள் நிறைய. வயர் புதிய கார்டில் இருக்க வேண்டும். இந்த கார்டுகளில் விஜிஏ கிடையாது. உங்கள் மானிட்டருக்கு எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். உள்ளே சிப் இல்லாத வெறும் வயரில் படம் வராது. அப்போதும் இருட்டாகவே இருந்தால் மதர்போர்டின் பயாஸில் முதன்மை டிஸ்பிளேயைப் பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

டிரைவரை என்விடியா தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு பிளெண்டரில் பிரிஃபரன்சஸ், சிஸ்டம் பக்கம் போய் ஆப்டிக்ஸ் தேர்ந்தெடுத்து, பட்டியலில் கார்டுக்கு மட்டும் டிக் போடுங்கள், பிராசசருக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன வழி இதுதான்: இரண்டும் சேர்ந்து ரெண்டர் செய்தால் (காட்சியை இறுதிப் படமாக மாற்றினால்) 180 வாட் எஸ்எம்பிஎஸ் திணறும். சைக்கிள்ஸ் என்ஜினில் ரெண்டர் செய்யும்போது, ரெண்டர் பக்கத்தில் டிவைஸை ஜிபியு கம்ப்யூட் என்று வைக்காவிட்டால் கார்டு சும்மாவே கிடக்கும்.

8 ஜிபி ராம் பிளெண்டருக்குப் போதாது. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 2666 சேருங்கள். ஸ்லாட் காலியா என்று மூடி திறந்திருக்கும்போதே பார்த்துவிடலாம்.

ரெண்டர் நடுவே கணினி சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். அது திடீரென நின்றதை மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆனால் பளு ஏறும்போதெல்லாம் நடந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். படம் வந்துகொண்டே வேகம் மட்டும் குறைந்தால் சூடு. கார்டின் வெப்பத்தை டாஸ்க் மேனேஜரிலேயே பார்க்கலாம். 80 டிகிரி வரை கவலையில்லை. சித்திரை வெயிலில் அதற்கு மேல் போனால் கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

யுபிஎஸ் 600 விஏ என்றால் பொதுவாக 360 வாட் தரும், தாராளமாகப் போதும். பேட்டரி மூன்று வருடத்துக்கு மேல் பழையதென்றால்தான் சிக்கல். ஃபைலை சேவ் செய்து, டிஸ்க் வேலை எதுவும் ஓடாத நேரத்தில் ஒரு சின்ன ரெண்டரைத் தொடங்கி, யுபிஎஸ் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அந்த நொடியே கணினி அணைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும்.