பூங்காவா, சோலையா?

அன்புள்ள ஐயா,

ஒரு ஆங்கில நாவலை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் ஒரு பிரபுவின் மாளிகையைச் சுற்றி ‘பார்க்லேண்ட்’ இருப்பதாக வருகிறது. ‘பூங்கா’ என்று போட்டேன். படித்த நண்பர், “அது பலகையில் எழுத மாநகராட்சிக்காரர்கள் கட்டிய சொல். ‘சோலை’ என்று மாற்று” என்கிறார். எது சரி?

ம., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ம.,

நண்பர் சொல்வது தப்பு. ஆனால் நீங்கள் போட்டதும் அங்கே பொருந்தாது.

‘கா’ என்றால் மரச்சோலை. திருவானைக்கா, திருநெல்லிக்கா, திருக்கோலக்கா எல்லாம் அந்தக் ‘கா’தான். மலையாளத்துக் ‘காவு’ம் அதன் உறவு. பூவும் காவும் சேர்ந்தால் நடுவே ‘ங்’ வருவதற்கு, “பூப்பெயர் முன் இனமென்மையும் தோன்றும்” என்று நன்னூல் தனியாக ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது. மாநகராட்சிக்கு அவ்வளவு இலக்கணம் ஏது?

இருந்தாலும் நண்பரின் காது பொய் சொல்லவில்லை. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்த ராயபுரம் ராபின்சன் பூங்கா, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. பலகையில்தான் பூங்கா. காலையில் நடக்கப் போகிறவர், “பார்க்குல ரெண்டு ரவுண்டு போய்ட்டு வரேன்” என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். தோப்பும் தோட்டமும் நம் பக்கத்தில் வெறும் முகவரிகள். கொண்டித்தோப்பில் என் அத்தை வீட்டு மொட்டை மாடியில், பெயின்ட் டப்பாவில் ஒரு முருங்கை நின்றது. அந்தத் தெருவுக்கே மரம் என்று அது ஒன்றுதான்.

சரி, பார்க்லேண்டுக்கு வருவோம். ‘பார்க்’கும் பூவில் தொடங்கிய சொல் இல்லை. வேட்டைக்காக மான்களை உள்ளே விட்டு வேலி போட்ட நிலத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அந்தச் சாயலில் பரந்த புல்வெளியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய மரங்களும் உள்ள நிலம் பார்க்லேண்ட். சோலை அப்படி இல்லை, இருண்டு அடர்ந்தது. நீலகிரியின் நெருக்கமான காடுகளுக்குத்தான் ஆங்கிலேயர் நம் சொல்லை வாங்கி ‘ஷோலா’ என்றார்கள். தோப்பு என்றால் மாவோ தென்னையோ, ஆள் வைத்து வளர்த்தது.

அதனால் முதல் தடவை வரும்போது ‘மரங்கள் தள்ளித் தள்ளி நின்ற புல்வெளி’ என்று எழுதுங்கள். அப்புறம் ‘புல்வெளி’ போதும், மரங்களை வாசகரே நட்டுக்கொள்வார். ‘பூங்காநிலம்’ என்று மட்டும் கட்டிவிடாதீர்கள். பிரபுவின் மாளிகைக்கு முன்னால் எனக்குச் சிமென்ட் பெஞ்சும் சறுக்குமரமும் தெரிய ஆரம்பித்துவிடும்.