வருகிறார்கள், பார்க்கிறார்கள்... ஏன் வாங்குவதில்லை?

சொந்தமாக இணையக் கடை நடத்தும் வாசகர்களின் கேள்விகளுக்கு எங்கள் வணிகக் குழுவின் பதில்கள்

கேள்வி: எங்கள் வெப்சைட்டில் சுங்குடிச் சேலை விற்கிறோம். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு மாதம் 12,000 ரூபாய் போகிறது. போன மாதம் 4,000 பேர் வந்தார்கள், ஆர்டர் 11தான். விளம்பரத் தொகையைக் கூட்டினால் விற்பனை ஏறுமா?
– வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்ட வேண்டாம். 12,000-ஐ 11-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு மட்டுமே கிட்டத்தட்ட 1,090 ரூபாய். எந்தச் சுங்குடிச் சேலையும் இந்தச் செலவைத் தாங்காது.

முதலில், வந்தவர்கள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று எண்ண வேண்டும். தளத்துக்கு வருபவர்களின் செயல்களை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸில் நான்கு நிகழ்வுகள் பதிவாகின்றனவா என்று பாருங்கள்: சேலையின் பக்கத்தைத் திறந்தது, கூடையில் போட்டது, முகவரி எழுதத் தொடங்கியது, பணம் கட்டி முடித்தது. ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுங்கள். பக்கத்தைப் பார்த்த நூறு பேரில் இரண்டு பேர்கூடக் கூடையில் போடவில்லை என்றால் கோளாறு படத்திலோ விவரத்திலோ விலையிலோ இருக்கிறது. கூடை வரை வந்து முகவரிக்குப் போகாமல் திரும்பினால் பெரும்பாலும் டெலிவரி கட்டணம்தான் காரணம். முகவரியும் எழுதிவிட்டுப் பணம் கட்டாமல் போனால் பேமென்ட் பக்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். கூடையில் போட்ட எல்லோரும் வாங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்த பேமார்ட் இன்ஸ்டிடியூட்டின் கணக்கிலேயே பத்தில் ஏழு கூடைகள் கைவிடப்படுகின்றன.

உங்கள் வாடிக்கையாளர்கள் இன்ஸ்டாகிராமிலிருந்து வருவதால் பேமென்ட் பக்கத்தை இன்றே சோதியுங்கள். லேப்டாப்பும் வீட்டு வைஃபையும் வேண்டாம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில், உங்கள் விளம்பரத்தையே தட்டி உள்ளே போய், சொந்தப் பணத்தில் ஒரு சேலை வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் லிங்கைத் தட்டினால் குரோம் திறப்பதில்லை, அந்த ஆப்புக்குள் இருக்கும் சிறு பிரவுசர்தான் திறக்கிறது. அங்கே ஜிபே அல்லது போன்பே பட்டனை அழுத்தினால் சில சமயம் ஆப் திறக்காது. திறந்து பணம் போனாலும், திரும்பி வரும்போது பக்கம் புதிதாக லோடாகி, கூடை காலியாக நிற்கும். பணம் போய்விட்டதா இல்லையா என்று தெரியாத வாடிக்கையாளர் மறுபடி உங்கள் பக்கம் வரமாட்டார்.

உங்கள் தளத்துக்காக ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் இரண்டு விஷயங்கள் கேளுங்கள். போனில் 'யுபிஐ இன்டென்ட்' முறை, அதாவது பட்டனைத் தட்டியதும் யுபிஐ ஆப் நேராகத் திறக்கும் முறை, இயங்குகிறதா? 'வெப்ஹூக்' இணைக்கப்பட்டிருக்கிறதா? வெப்ஹூக் இருந்தால் வாடிக்கையாளர் பாதியில் போனை மூடிவிட்டாலும் பணம் வந்த தகவல் உங்கள் தளத்துக்கு நேரடியாக வந்து ஆர்டர் பதிவாகிவிடும். போன் திரையில் க்யூஆர் கோடு மட்டும் காட்டுவது வீண். தன் போனில் தெரியும் க்யூஆர் கோடை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வார்? க்யூஆர் கணினித் திரைக்கு மட்டும் இருக்கட்டும். கேட்வேயின் டாஷ்போர்டில் தோல்வியடைந்த கட்டணங்களும் காரணத்தோடு பதிவாகியிருக்கும். வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள்.

முகவரிப் படிவத்தில் பெயர், மொபைல் எண், பின்கோடு, வீட்டு எண்ணும் தெருவும், அடையாளம் சொல்ல ஓர் இடம் போதும். பின்கோடைப் போட்டதும் ஊரும் மாநிலமும் தானாக நிரம்பட்டும். மொபைல் எண் கட்டத்தைத் தட்டினால் எண் விசைப்பலகை வர வேண்டும். கணக்குத் தொடங்கினால்தான் வாங்க முடியும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். 'கூப்பன் கோட்' என்ற பெரிய கட்டத்தையும் ஒரு சிறு லிங்குக்குள் மறைத்துவிடுங்கள். அதைப் பார்த்தவர் கூப்பன் தேடி கூகுளுக்குப் போய்விடுவார்.

கோளாறு சேலைப் பக்கத்தில் என்று தெரிந்தால், கடையில் சேலையை விரித்துக் காட்டும்போது வருபவர் என்னென்ன பார்ப்பாரோ அதெல்லாம் படத்தில் இருக்க வேண்டும். உடல், கரை, முந்தானை, ரவிக்கைத் துணி தனித்தனியாக, ஒருவர் உடுத்திய படம், முடிச்சின் புள்ளி தெரியும் அளவுக்குக் கிட்டத்தில் ஒன்று. எல்லாமே பகல் வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். டியூப்லைட்டில் எடுத்தால் அரக்கு நிறம் வேறாகத் தெரியும், பிறகு 'கலர் மாறிவிட்டது' என்று திருப்பி அனுப்புவார்கள். நீளம் ரவிக்கையோடு எத்தனை மீட்டர், எடை எத்தனை கிராம், கையால் முடிச்சிட்டதா அச்சா, முதல் சலவையில் சாயம் போகுமா என்பதையும் எழுதிவிடுங்கள். சாயம் போகும் என்றால் அப்படியே சொல்லி, தனியாக உப்புத் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். அது தெரிந்தே வாங்குபவர் பிறகு குறை சொல்லமாட்டார்.

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் விற்கிறேன். கூடை வரை வருகிறார்கள், டெலிவரி கட்டணத்தைப் பார்த்ததும் ஓடிவிடுகிறார்கள். இலவச டெலிவரி கொடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: கட்டணத்தைவிட அது கடைசி நிமிடத்தில் முளைப்பதுதான் அதிக எரிச்சலைத் தருகிறது. பொருளின் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே, பின்கோடு போட்டால் கட்டணமும் வந்து சேரும் நாளும் தெரியும்படி ஒரு கட்டம் வையுங்கள்.

அடுத்து உங்கள் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஒரு எடை போடுகின்றன. அதுவும் நிஜ எடையும் ஒத்துப் பார்க்கப்படும், எது அதிகமோ அதற்குக் கட்டணம். ஒரு லிட்டர் எண்ணெய் 900 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். இரண்டு பாட்டில், அட்டை, பஞ்சுத்தாள் எல்லாம் சேர்ந்து சுமார் 2.2 கிலோ. இதைக் கையில் கிடைத்த 35×25×20 பெட்டியில் வைத்தால் கணக்கு எடை 3.5 கிலோவாகிவிடும். அளவாகச் செய்த 30×20×14 பெட்டியில் கணக்கு எடை 1.68தான். அப்போது நிஜ எடைக்குத்தான் கட்டணம், அரைகிலோ அரைகிலோவாக மேலே ஏற்றிக் கணக்கிட்டால் 2.5 கிலோ. ஒரு பார்சலுக்கு ஒரு கிலோ கட்டணம் மிச்சம். எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

'இத்தனை ரூபாய்க்கு மேல் இலவசம்' என்ற வரம்பை வைப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். உங்கள் சராசரி ஆர்டர் 650 ரூபாய், லாபம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டெலிவரியை வாடிக்கையாளரே கட்டினால் கையில் 195 ரூபாய். 899-க்கு மேல் இலவசம் என்றால் லாபம் 270, அதில் கூரியருக்கு 120 போனால் மிஞ்சுவது 150. ஆர்டர் பெரிதாகியும் லாபம் இறங்கிவிட்டது! வரம்பு 1,099 என்றால் 330-இல் 120 கழித்து 210 நிற்கும். அந்தத் தொகையை எட்டும்படி கடலை, எள், தேங்காய் மூன்றும் சேர்ந்த ஒரு செட் போடுங்கள். ஒற்றை லிட்டரைத் தொலைதூரம் அனுப்புவதில் உங்களுக்கும் லாபமில்லை, வாங்குபவருக்கும் கட்டுப்படியாகாது.

முதல்முறை வாங்குபவரின் இன்னொரு பயம், கசிவு. மூடிக்குள் சீல், மூடியைச் சுற்றி டேப், பாட்டிலுக்குத் தனி பிளாஸ்டிக் உறை. இந்த மூன்றையும் ஒரே படத்தில் காட்டி, 'கசிந்தால் படம் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்' என்று பக்கத்திலேயே எழுதுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண், நிகர அளவு, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: விற்பனை ஏறுவதற்காக '10 நிமிடத்தில் சலுகை முடிகிறது', '23 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று காட்டும் பிளகின் (தளத்தில் இணைக்கும் சிறு நிரல்) போடச் சொல்கிறார் எங்கள் வெப் டிசைனர். போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. பக்கத்தை ரீஃபிரெஷ் செய்தால் கடிகாரம் மறுபடி 10-இலிருந்து தொடங்கும், அதைக் கண்டவர் உங்கள் விலையையும் நம்பமாட்டார். சட்டமும் இடம் தராது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படி ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. போலி அவசரம் அதில் ஒன்று. கேட்காமலே கூடையில் பரிசுப் பொதி கட்டணத்தைச் சேர்ப்பதும், கட்டணங்களைக் கடைசியில் ஒவ்வொன்றாக வெளிவிடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. நிஜமாகவே 3 பீஸ்தான் இருக்கிறது என்றால் '3 உள்ளது' என்று எழுதுங்கள். 'மதியம் 2 மணிக்குள் ஆர்டர் செய்தால் இன்றே அனுப்புவோம்' என்பதும் உண்மையானால் நல்ல தூண்டுதல்தான்.

கேள்வி: குழந்தைகள் காட்டன் உடை விற்கிறோம். 40 கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரில் 16 திரும்பி வருகிறது. சிஓடி-யையே நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: நிறுத்தினால் புது வாடிக்கையாளர் பலரை இழப்பீர்கள். உங்கள் தளத்தில் இதுவரை வாங்காத ஒருவர் முன்பணம் கட்டத் தயங்குவது நியாயம்தான். ஆனால் இப்படியே விடவும் முடியாது. போக 70, திரும்ப 60, பாக்கிங் 15 என்றால் ஒரு பார்சலுக்கு 145 ரூபாய் நட்டம். 16-க்கு 2,320. வீடு சேர்ந்த 24 ஆர்டர் ஒவ்வொன்றின் தலையிலும் 97 ரூபாய் ஏறுகிறது.

ஆர்டர் வந்த சில மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் உடையின் படம், சைஸ், முகவரி, தொகை நான்கையும் அனுப்பி 'அனுப்பலாமா?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு போன். அதற்கும் பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். 1,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டருக்கு 100 ரூபாய் முன்பணம் வாங்குங்கள். விளையாட்டுக்கு ஆர்டர் போடுபவர்கள் இதிலேயே வடிகட்டப்படுவார்கள். யுபிஐ-யில் கட்டினால் 40 ரூபாய் தள்ளுபடி என்று அந்தப் பட்டனுக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். திரும்பத் திரும்பப் பார்சல் திரும்பும் பின்கோடுகளுக்கு மட்டும் சிஓடி-யை மூடிவிடுங்கள்.

எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பார்சல் ஆறாம் நாள் போய்ச் சேர்வதற்குள் ஆசை ஆறிவிடும், அல்லது உள்ளூர்க் கடையில் வாங்கிவிடுவார்கள். உங்கள் பொருளில் சைஸும் பெரிய காரணம். '2–3 வயது' என்று மட்டும் போட்டால் ஒவ்வொரு அம்மாவும் ஒவ்வொன்று நினைப்பார். உடையைத் தட்டையாக விரித்து அக்குளுக்குக் கீழே குறுக்களவும், தோளிலிருந்து அடிவரை நீளமும் சென்டிமீட்டரில் கொடுங்கள். 'பிள்ளைக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையை அளந்து ஒப்பிடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கருப்பட்டி விற்கிறேன். தளத்தில் எல்லாம் எழுதியிருந்தும் வாட்ஸ்அப்பில் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பதில் சொல்லியே பொழுது போகிறது.
– வாசகர், உடன்குடி

பதில்: கேட்பவர்தான் வாங்கும் நிலைக்கு மிகக் கிட்ட வந்தவர், அலுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாக வந்த 50 கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வகைப்படுத்துங்கள். சர்க்கரை கலந்ததா, மழைக்காலத்தில் கசிந்து ஒட்டுமா, கிலோவுக்கு எத்தனை வட்டு, இந்த சீசனில் காய்ச்சியதா என்று ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே, பதிலோடு, 'வாங்கு' பட்டனுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். தனிப் பக்கத்தில் போட்டால் யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

வாட்ஸ்அப் பட்டனைத் தட்டும்போது 'ஒரு கிலோ கருப்பட்டி பற்றிக் கேட்க வேண்டும்' என்று செய்தி தானாக நிரம்பும்படி லிங்க் அமைக்கலாம். எந்தப் பொருள் என்று கேட்கும் ஒரு சுற்று குறையும். வாட்ஸ்அப் பிசினஸில் அடிக்கடி சொல்லும் பதில்களை 'குயிக் ரிப்ளை'யாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பதில் சொன்ன கையோடு பேமென்ட் லிங்கையும் அனுப்பிவிடுங்கள், 'வெப்சைட்டுக்குப் போய் ஆர்டர் செய்யுங்கள்' என்று திருப்பி விடாதீர்கள். இப்படி வந்த ஆர்டர்களையும் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். சேர்க்காவிட்டால் நன்றாக விற்கும் தளத்தைக்கூடத் தோல்வி என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: என் தளம் போனில் திறக்கவே நேரமாகிறது. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் பொருளின் பக்க முகவரியைப் போட்டு 'மொபைல்' பகுதியைப் பாருங்கள். பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்-பி வடிவில் 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். 'லேஸி லோட்' வசதி, அதாவது திரையை நகர்த்தி அருகில் வரும்போதுதான் படத்தை ஏற்றுவது, கீழே உள்ள படங்களுக்கு மட்டும். முதல் படத்துக்கும் அதைப் போட்டால் அதுவே தாமதமாகும். தமிழ் எழுத்துருவில் சாதாரணம், தடிமன் என்று இரண்டு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஓடும் ஸ்லைடரை எடுத்துவிடலாம்.

கேள்வி: 'வாங்கு' பட்டன் பச்சையா ஆரஞ்சா என்று ஏ/பி டெஸ்ட் செய்ய விரும்புகிறேன். மாதம் 3,000 பேர் வருகிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: ஏ/பி டெஸ்ட் என்பது வருபவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் காட்டி ஒப்பிடுவது. உங்கள் அளவுக்கு இது உதவாது. இப்போது நூற்றுக்கு 2 பேர் வாங்குகிறார்கள், அது 2.5 ஆகிறதா என்று நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு நிறத்துக்கும் ஏறக்குறைய 12,500 பேர் வேண்டும். மொத்தம் 25,000, அதாவது எட்டு மாதத்துக்கும் மேல். அதற்குள் தீபாவளி, ஆடித் தள்ளுபடி எல்லாம் வந்து கணக்கைக் குலைத்துவிடும். ஒரு வாரத்தில் பச்சைக்கு 9, ஆரஞ்சுக்கு 14 என்று வந்தால் அது தற்செயலாகவே இருக்கலாம்.

அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியை இணையுங்கள், இலவசம்தான். வந்தவர் எங்கே தட்டினார், எங்கே நின்றார் என்பதைப் பதிவாகப் பார்க்கலாம். கூடை வரை வந்து திரும்பிய 30 பேரின் பதிவைப் பாருங்கள். ஒன்றும் நடக்காத படத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறாரா? பெரிதாக்கிப் பார்க்க நினைக்கிறார், அந்த வசதி இல்லை. திரும்பப் பெறும் விதிகளைத் தேடி அடிவரை போகிறாரா? அதை மேலே கொண்டுவாருங்கள். ஒரே தடங்கலில் 30 பேரில் ஐந்தாறு பேர் முட்டினால் டெஸ்ட் எதுவும் வேண்டாம், உடனே சரிசெய்துவிடலாம்.