பல்கலைக்கழக விடுதியில் 14 நாள் தனிமை: பிள்ளை தாங்குவானா?

கேள்வி: "என் மகன் சிங்கப்பூரில் பல்கலைக்கழக விடுதியில் சேரப் போகிறான். கொரோனா மாதிரி மறுபடி ஏதாவது வந்து அறைக்குள் அடைத்து வைத்தால் தனியாக எப்படிச் சமாளிப்பான்? அப்போது அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்."

நான் இருந்தேன். 2020 ஏப்ரல் 3 முதல் 14 நாள்.

பக்கத்து அறை நண்பனுக்குத் தொற்று உறுதியானது. மதியம் எனக்குப் போன் வந்தது. துணிமணியை எடுத்துக்கொண்டு வேறு பிளாக்குக்கு மாறச் சொன்னார்கள். எங்கள் மாடியில் குளியலறை பொது, தனிமையில் இருப்பவருக்குத் தனியாக வேண்டும். அன்று மாலைதான் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற நாடு தழுவிய ஊரடங்கை அறிவித்தார். அந்தப் புது அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து போனில் கேட்டேன்.

சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். மூன்று வேளையும் வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டுப் போவார்கள், அவர்கள் நகர்ந்த பிறகு நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ருசி சுமார். யாரும் பட்டினி கிடக்கவில்லை. தினமும் வீடியோ அழைப்பு வரும், முகத்தையும் அறையையும் காட்ட வேண்டும். காலையும் மாலையும் உடல் வெப்பத்தை அளந்து பதிய வேண்டும். தனிமை உத்தரவை மீறினால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, இரண்டுமே கூட விதிக்கலாம் என்று அப்போது இருந்தது. பயமாக இருந்தது, ஆனால் அந்தக் கண்டிப்பு சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

"காசு கட்டி, தனி அறையில் உட்கார்ந்து படித்தவனுக்கு என்ன கஷ்டம்" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் எது என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா மகன் இங்கேயே துவாஸ் பகுதியில் வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருந்தார், ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். நான் யாரோடும் போட்டி போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

இந்த நாட்டைக் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மனக்குறை வேறு. படிப்பு முடிந்து வாடகைக்கு அறை தேடியபோது, "இந்தியர்கள் வேண்டாம்" என்று எழுதியே விளம்பரம் போட்டிருந்தார்கள். போனில் இனிமையாகப் பேசிய ஒருவர், பெயரைச் சொன்னதும் "சமைப்பீர்களா?" என்று கேட்டு வைத்துவிட்டார். நோய் காலத்தில் முன்பின் தெரியாதவர்கள் என் வாசலில் சோறு வைத்த ஊரில் இப்படி நடந்தது இன்னும் ஆறவில்லை. சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

எனக்குத் தாங்க முடியாமல் போனது அம்மாவின் அழுகை. எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். அங்கேயும் மார்ச் 25 முதல் ஊரடங்கு, நாள் முழுக்க டிவிதான். "சிங்கப்பூர் விடுதிகளில் கொரோனா" என்று செய்தியில் சொன்னால் அம்மாவுக்கு அது என் விடுதிதான். அது ஊழியர் விடுதி, என்னுடையது மாணவர் விடுதி என்று எத்தனை முறை சொல்வது? இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அதுவுமில்லாமல் அந்த விடுதியில் இருந்ததும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே.

ஒன்பதாம் நாள் ராத்திரி 37.8 காட்டியது. நான் அதைப் பதியவில்லை. பதிந்தால் ஆம்புலன்ஸ் வரும், அம்மாவுக்குத் தெரியும், அம்மா தாங்கமாட்டார் என்று மட்டுமே தோன்றியது. 36.9 என்று போட்டுவிட்டுப் படுத்தேன். நான் செய்த தப்பு அது.

துவாஸில் இருந்த அந்த அண்ணன் தினமும் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடுவார். அன்றைக்கு என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, எவ்வளவு காட்டுதுன்னு உள்ளதைச் சொல்லு" என்றார். சொன்னேன். திட்டவில்லை. "இப்பவே அவங்களுக்குப் போன் போடு. சித்திகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். போட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது, மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. தொற்று இல்லை.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்படி ஒரு நிலைமை வந்தால் பிள்ளையிடம் போனில் அழாதீர்கள். நீங்கள் அழுதால் அவன் காய்ச்சலை உங்களிடம் மறைப்பான், அப்புறம் எல்லாரிடமும் மறைப்பான். அழாமல் கேட்கக்கூடிய ஓர் ஆளை, அண்ணனோ மாமாவோ, தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடச் சொல்லுங்கள்.

நான் வெளியே வந்த மூன்றாம் நாள், ஏப்ரல் 20, ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று. பெரும்பாலானோர் ஊழியர் விடுதிகளில் இருந்தவர்கள். மறுநாளிலிருந்து அண்ணனும் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. மே மாதம் அவருக்கும் உறுதியாகி, சிங்கப்பூர் எக்ஸ்போ கண்காட்சிக் கூடத்தில் போட்டிருந்த கட்டில்களில் ஒன்றில் இருந்தார். அப்போது ஒன்பதரைக்கு நான் கூப்பிட்டேன்.

பெரியம்மாவிடம் சொல்லாதே என்றார். இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா எனக்குப் போன் செய்து, "அண்ணன் ஏன்டா வீடியோவில் வரமாட்டேங்கிறான்?" என்று கேட்டார். விடுதியில் லைன் சரியில்லை பெரியம்மா என்று சொன்னேன்.