வரவும் செலவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பறவை பார்ப்பதில் எனக்கு இது முதல் ஆண்டு. பறவைகள் இடம்பெயரும் வசந்தகால வலசையின் தொடக்க நாட்களில் தினம் ஒரு புதுப் பறவை வந்திறங்கும் என்று கையேட்டில் படித்தேன். மார்ச் முதல் வாரத்திலிருந்து விடியற்காலையில் ஏரிக்குப் போகிறேன். அதே வாலாட்டிகள், அதே உள்ளான்கள். எண்ணிக்கை குறைகிறதோ என்றுகூடச் சந்தேகம். நான் போவது தவறான நாளா, தவறான இடமா?

எம்.

அன்புள்ள எம்.,

நாளும் சரி, இடமும் சரி. கையேடுதான் வேறு நிலத்துக்கானது. அதை எழுதியவர்கள் பறவைகள் கூடு கட்டும் வடக்கில் இருப்பவர்கள். அவர்களுக்கு வசந்தம் என்றால் வரவு. பறவைகள் குளிர்காலத்தைக் கழித்துப் போகும் நிலத்தில் இருப்பவர்களுக்கு அது செலவு. பழந்தமிழில் செலவு என்றால் பயணம்தானே. எண்ணிக்கை குறைவதாகச் சந்தேகப்பட்டீர்களே, நீங்கள் தேடிப்போனது அதைத்தான்.

ஆகவே புதிய பறவையைத் தேடாதீர்கள். பழைய பறவையையே மறுபடி பாருங்கள். அலகு கீழ்நோக்கி வளைந்த உள்ளான் ஒன்று உண்டு. குளிர்காலம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக, யார் கண்ணிலும் படாமல் சேற்றில் திரியும். இப்போது அதன் மார்பைத் தொலைநோக்கியில் பாருங்கள். செங்கல் நிறத்தில் ஓர் இறகு, தள்ளி இன்னொன்று, சுண்ணாம்புச் சுவரில் காவி தெறித்ததுபோல. வாரங்கள் போகப்போக அந்தத் திட்டுகள் ஒன்றுசேரும். உடல் முழுக்கச் சிவந்த கோலத்தைப் பார்க்கச் சைபீரியாவின் வடகோடிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கிளம்பத் தாமதிக்கும் சில பறவைகள் இங்கேயே காட்டிவிடும்.

நிறம் மாறும் நாட்களில் பசியும் மாறுகிறது. கொழுப்புதான் வழிச்சோறு. சில சிறு பறவைகள் உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு கிளம்புகின்றன. கூடவே ஒரு தவிப்பு. 1966-இல் எம்லன் என்ற பெயருடைய பறவை ஆய்வாளர்களான தந்தையும் மகனும் புனல் வடிவக் கூண்டு ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அடியில் மைத்தட்டு, சுற்றிலும் தாள். வலசைப் பருவத்தில் உள்ளே விட்ட பறவை இரவெல்லாம் எம்பி எம்பிக் குதிக்கும். எந்தத் திசைக்குப் போக அதன் உடல் துடிக்கிறதோ அந்தப் பக்கத் தாளில் கால்தடங்கள் கருத்துக் கிடக்கும். அந்த ஏற்பாட்டின் எளிமைமீது எனக்குப் பொறாமையே உண்டு.

ஒரு யோசனை. விடியற்காலையை விட்டுவிட்டு அந்திக்குப் போய்ப் பாருங்கள். கரைப்பறவைகள் பல, பொழுது சாயும் நேரத்தில்தான் பயணம் புறப்படும். காற்று வடக்கு நோக்கி வீசும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. முதலில் சத்தம் கூடும். பிறகு ஒரு கூட்டம் எழும்பி, வழக்கம்போல எதிர்க்கரையில் இறங்காமல், வட்டமிட்டு மேலே மேலே போகும்.

ஒருமுறை அப்படிப் பதினைந்து இருபது பறவைகள் எழுந்ததைப் பார்த்தேன். புள்ளியாகிவிடும் என்று நினைத்தபோது இரண்டு மட்டும் பிரிந்து, சரிந்து, இறங்கிவிட்டன. அகப்பாடல்களில் பொருள் தேடக் கிளம்பிய தலைவன் தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்பார்கள். இவை என்ன நினைத்துத் தயங்கினவோ. இறங்கிய கையோடு இரண்டும் சேற்றைக் கொத்தத் தொடங்கின.