பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? வால்யூமில் கை வைக்காதீர்கள்

கேள்வி: மைதானத்தில் மாலைநேரக் கூட்டம் நடத்துகிறோம். மேடையிலிருந்து 70 மீட்டர் வரை நாற்காலிகள். முன்வரிசையில் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், கடைசி வரிசையில் பேச்சே புரியவில்லை என்கிறார்கள். பெரிய ஸ்பீக்கராக வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். வாங்கினால் முன்வரிசை எழுந்தே போய்விடும்.

அரங்கத்துக்குள் சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். வெட்டவெளியில் போனது போனதுதான். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 5 மீட்டரில் 95 டெசிபல் இருந்தால் 10 மீட்டரில் 89, 20இல் 83, 40இல் 77. எனவே முதலில் ஸ்பீக்கரை மேடைத் தரையிலிருந்து எடுத்து, தலைகளுக்கு மேலே வருமாறு ஸ்டாண்டில் ஏற்றி, லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். முன்வரிசைத் தலைகள் சத்தத்தை மறிக்காது.

அப்புறம், சுமார் 34 மீட்டரில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர், பின்பக்கம் பார்த்தபடி. பலரும் தவறு செய்வது இங்கேதான். ஒயர் வழியாக வரும் ஒலி அங்கே உடனே வந்துவிடும். காற்று வழியாக வருவது நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் நகரும். ஆகவே பின்னால் இருப்பவர் 'வணக்கம்' என்பதை நடு ஸ்பீக்கரில் ஒரு தடவையும், பத்தில் ஒரு நொடி கழித்து மேடையிலிருந்து மறு தடவையும் கேட்பார். குழப்பம்தான். டிஜிட்டல் மிக்சர்களில் பெரும்பாலும் 'டிலே' வசதி, அதாவது ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பும் வசதி, இருக்கும். நடு ஸ்பீக்கருக்கு மட்டும் 100 மில்லி செகண்டு கொடுத்து, மேலே 10, 15 சேர்த்துவிடுங்கள். முதலில் வரும் ஒலியின் திசையைத்தான் காது நம்பும் என்பதால், நடு ஸ்பீக்கர் அளவாகப் பேசினால் மேடையில் இருப்பவர் பேசுவது போலவே தோன்றும். எனக்கு இன்றைக்கும் இது ஒரு மாயவித்தைதான்.

காற்றையும் பாருங்கள். கூட்டத்தின் பக்கமிருந்து மேடையை நோக்கி அடித்தால் ஒலி மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும். மேடையின் முதுகில் காற்று படுகிற மாதிரி அமைக்க முடிந்தால் நல்லது. வெயிலில் சூடான தரையும் ஒலியை மேலே வளைக்கும் என்பதால், மதியம் பார்த்த சோதனை மாலைக்குச் செல்லாது.

சோதனைக்குப் பாட்டு போடாதீர்கள். பாட்டு எப்படியும் கேட்கும். ஒருவர் மைக்கில் முன்பின் தெரியாத பெயர்களை வாசிக்கட்டும், நீங்கள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.