கொழும்பு ஈரத்துல சக்குலண்ட் (இலையில, தண்டுல தண்ணி சேத்து வைக்கிற செடி): வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நுவரெலியா போன நேரம் ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்கா இருக்கிற எச்செவெரியா மூணு வாங்கிட்டு வந்தேன். நாலாம் மாடி பல்கனியில வச்சு கிழமைக்கு ஒருக்கா மட்டும்தான் தண்ணி ஊத்துறேன். அடி இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி தொட்டதும் கழண்டு விழுது, ஒண்டுட தண்டும் கறுத்திட்டு. தண்ணி காணாதா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, தண்ணி கூடிப்போச்சு. காணாட்டி இலை மெலிஞ்சு சுருக்கம் விழும். மஞ்சளிச்சு, உள்ளுக்கு ஜெலி மாதிரி தெரிஞ்சா வேர் அழுகுது எண்டு அர்த்தம். கிழமைக் கணக்கை விட்டிடுங்க. ஒரு ஈர்க்குச்சிய சாடியோட அடி வரைக்கும் குத்தி கொஞ்ச நேரத்தால எடுத்துப் பாருங்க, ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தா தண்ணி வேணாம், சுத்தமா காஞ்சு வந்தாலும் இன்னும் ரெண்டு மூணு நாள் பொறுத்து ஊத்துங்க, மே மாச மழையில மூணு கிழமை ஊத்தாம விட்டாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது.

இதுட சொந்த ஊர் மெக்சிகோ மலைப்பக்கம். பகல்ல இலையில இருக்கிற சின்னத் துவாரங்களை மூடி வச்சு, ராத்திரி குளிருக்குத்தான் திறந்து காத்தை எடுக்கும், தண்ணிய மிச்சம் பிடிக்க அதுக்குத் தெரிஞ்ச வழி அது. நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல, ராத்திரிக் குளிர் அதுக்கு நல்லா ஒத்துவரும். நம்மட கொழும்பில அநேகமான மாசம் ராத்திரியும் 24, 25 பாகை, காத்திலயும் ஈரம், அதனால செடி குடிக்கிறதும் குறைவு மண் காயிறதும் குறைவு, நடுவுல வேர்தான் பழுதாகுது.

தண்டு கறுத்ததை இண்டைக்கே வெட்டுங்க. கத்திய ஸ்பிரிட்டால துடைச்சிட்டு கறுப்புக்கு மேல வெட்டி, வெட்டின முகத்தைப் பாருங்க, மண்ணிறமா ஒரு சின்ன வளையம் தெரிஞ்சாலும் இன்னும் கொஞ்சம் மேல போகணும், முழுக்க வெளிர்பச்சையா வரும் வரைக்கும். பிறகு தலையை நிழல்ல ஒரு கிழமை அப்பிடியே வச்சிருங்க, காயம் காஞ்சு தோல் மாதிரி ஆனதும் காஞ்ச மண் கலவை (அளவு அடுத்த பதில்ல இருக்கு) மேல வைங்க. வேர் விட்ட பிறகு தண்ணி.

ஒண்டு நேராவே சொல்றன், பிழைச்சாலும் இங்க அது மலையில இருந்த மாதிரி குட்டையா சிவந்த நுனியோட நிக்காது, நீண்டு போகும். உங்கட கவனிப்பில குறையில்ல, ஊர் அப்பிடி.

கேள்வி: பத்தரமுல்ல தியத்த உயன செடிச் சந்தையில வாங்கின சக்குலண்ட் எல்லாம் வெறும் தும்புத்தூள்ள இருக்கு. சாடி மாத்தணுமா? எப்ப, எப்பிடி?
வாசகர், தெஹிவளை

பதில்: கட்டாயம் மாத்துங்க தம்பி. நர்சரிக்காரருக்குத் தும்புத்தூள் லேசு, பாரமில்ல. ஆனா வீட்டில அது ஈரத்தை நாள்கணக்கில பிடிச்சு வச்சிருக்கும், ஒருக்கா முழுசா காஞ்சிட்டா பிறகு தண்ணிய உள்ளுக்கு எடுக்காது, ஓரத்தால ஓடிப்போயிடும்.

கொழும்புக்கு வருசத்துக்கு 2,400 மில்லிமீட்டர் அளவு மழை, அதுல மே மாசமும் ஒக்டோபர் நவம்பரும்தான் கடுமை. அதனால ஜனவரி, பெப்ரவரி மாதிரி காஞ்ச மாசம்தான் நல்லம், தவறினா ஜூலை, ஓகஸ்ட். மாத்துறதுக்கு ஒரு கிழமை முந்தியே தண்ணிய நிப்பாட்டுங்க, காஞ்ச மண்ணுலதான் வேர் உடையாம கழண்டு வரும். தும்புத்தூளை விரலால மெதுவா உதிர்த்திட்டு வேரைப் பாருங்க. வெள்ளையா இல்லாட்டி இளம் மண்ணிறமா, இழுத்தா அறாம இருந்தா நல்ல வேர். தொட்டதும் தோல் வழுகிற வேரை வெட்டிப் போடுங்க. வேர் நடுவுல பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா மாப்பூச்சி, அந்த மண்ணை வேற சாடிக்குப் போடவே வேணாம், வேரைக் கழுவி ரெண்டு நாள் நிழல்ல காய விடுங்க.

கலவைக்கு ஒரு பங்கு கொம்போஸ்ட் கலந்த மண், ரெண்டு பங்கு கரடுமுரடான சாமான், அதாவது பருமனான ஆத்து மணல், உடைச்ச செங்கல், சின்னச் சல்லி, கொஞ்சம் உமிக்கரி. கடல் மணல் வேணாம், உப்பு. கையில பிடிச்சு நசுக்கிட்டு விட்டா கட்டியா நிக்காம உதிரணும். சாடி பழசை விட ஒரு அங்குலம் பெருசு காணும், பெரிய சாடியில வேர் எட்டாத மண் ஈரமாவே கிடக்கும். ஓட்டை கட்டாயம். அடியில கல்லு அடுக்கினா தண்ணி வடியும் எண்டு நிறையப் பேர் செய்றாங்க, அதால பலனில்ல, ஈரம் கல்லுக்கு மேல மண்ணுலயே நிண்டு வேருக்குக் கிட்ட வந்திடும். நட்ட உடனே ஊத்தாதீங்க, உடைஞ்ச வேர் ஆற ஒரு கிழமை விடுங்க.

கேள்வி: எங்கட ஃபிளட்டுக்குக் காலையில ரெண்டு மணித்தியாலம்தான் வெயில். என்ன வைக்கலாம்?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: ஹவோர்தியா, காஸ்டீரியா, பிறகு சன்செவீரியா, அதான் மருள். எங்கட வறண்ட காட்டுல தானா முளைக்கிற மருளும் இருக்கு, சிங்களத்தில நியந்த எண்டுவாங்க, இந்தச் சூட்டுக்குப் பழகினது. அடீனியம் மட்டும் வாங்காதீங்க, அது முழு வெயில் கேக்கும், உங்கட இடத்தில பூக்காது.

கேள்வி: சாடித் தட்டில தண்ணி நிண்டதைப் பார்த்து டெங்கு செக் பண்ண வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஏசிட்டுப் போனார். செடியெல்லாம் குடுத்திடவா?
வாசகர், மட்டக்குளி

பதில்: செடியைக் குடுக்காதீங்க, தட்டை எடுங்க. நுளம்பு முட்டை போட்டு பறக்கிறதுக்கு ஒரு கிழமை, பத்து நாள் காணும், 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருகுற இடம் வச்சிருக்கிறது குற்றமும் கூட. சக்குலண்டுக்கு தட்டுத் தண்ணி வேணவே வேணாம், அதுலதான் வேரும் அழுகுது. குசினி சிங்க்ல வச்சு ஊத்தி, முழுசா வடிஞ்ச பிறகு பல்கனிக்குக் கொண்டுபோங்க, கீழ் வீட்டுக்காரங்கட உடுப்பிலயும் சொட்டாது. மழைக்காலத்தில வெத்துச் சாடிகளை கவுத்து வைங்க.