ஃபீட் குறையும்போது ஸ்பிண்டில் வேகத்தையும் குறைக்கலாமா? சி.என்.சி. மில்லிங் கேள்வி பதில்

ராணிப்பேட்டை, காட்பாடி, ஆம்பூர்ப் பட்டறைகளிலிருந்து வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தின் வெவ்வேறு வடிவங்களாக இருக்கின்றன: கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. மெஷினில் ஃபீட் (கட்டர் நகரும் வேகம்) குறையும்போது, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) குறைக்கலாமா என்பதே அது. ஆகவே முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன்.

கேள்வி (ராணிப்பேட்டை சிப்காட், விஎம்சி எனும் செங்குத்து மில்லிங் மெஷின் ஆபரேட்டர்): ஐயா, மைல்ட் ஸ்டீலில் பாக்கெட் (குழி) எடுக்கும்போது நேர்க்கோட்டில் சத்தம் சீராக இருக்கிறது. மூலைக்கு வந்ததும் கீச்சிடுகிறது, 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லும் (வெட்டும் கட்டர்) சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. மூலையில் ஃபீட் குறைவதற்கு ஏற்ப ஆர்பிஎம்மும் தானாகக் குறையும்படி செய்ய முடியாதா?

பதில்: உங்கள் எண்ட் மில்லுக்கு நான்கு பற்கள் என்றும், வெட்டு வேகம் (பல்லின் நுனி சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 100 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், ஸ்பிண்டில் ஏறத்தாழ 3180 ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பல் 0.05 மி.மீ. சீவும்படி கொடுத்தால் ஃபீட் நிமிடத்துக்குச் சுமார் 636 மி.மீ. ஆகும். மூலையில் திசை மாறுவதற்காக மெஷின் தன் வேகத்தை 150-க்கு இறக்கும்போது, ஸ்பிண்டில் அதே வேகத்தில் சுற்றுவதால், ஒரு பல்லின் பங்கு 0.012 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இது வெட்டுமுனையின் கூர்மை ஆரத்துக்கு நெருக்கமான அளவு என்பதால், பல் உலோகத்தைச் சீவாமல் தேய்க்கத் தொடங்குகிறது.

இதை ஈடுகட்ட ஆர்பிஎம்மைக் குறைப்பதானால் 750-க்கு இறக்க வேண்டும். அதில் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, அச்சுகள் வேகத்தை மாற்றிக்கொள்ள மில்லிவினாடிகள் போதும். கனமான ரோட்டரும் டூல் ஹோல்டரும் சேர்ந்து சுற்றும் ஸ்பிண்டிலோ 3180-லிருந்து இறங்கி மீண்டும் ஏறுவதற்குள் மூலை கடந்துபோயிருக்கும். இரண்டாவது, அப்படியே இறங்கினாலும் வெட்டு வேகம் 24 மீட்டருக்கு விழுந்துவிடும். அந்த வேகத்தில் மைல்ட் ஸ்டீல் கார்பைடு முனையில் ஒட்டிக்கொள்ளும்.

மேலும், கீச்சொலிக்கு ஃபீட் குறைவதை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். சுவரோரமாக விட்டத்தில் பாதி அகலத்துக்கு வெட்டிக்கொண்டு வரும் கட்டர் 90 பாகை மட்டுமே உலோகத்தில் பதிந்திருக்கிறது. மூலைக்குள் நுழையும்போது அந்தப் பதிவு கிட்டத்தட்ட 180 பாகையாகிறது. அதிலும் பாக்கெட்டின் மூலை ஆரம் 5 மி.மீ. ஆக இருந்து, நீங்கள் 10 மி.மீ. கட்டரையே போட்டால், கட்டர் மூலையில் பொருந்தி நின்றுதான் திரும்பும். 8 மி.மீ. கட்டர் போட்டு, மூலையை வில்லாக வளைந்து கடக்கும்படி பாதையை அமைத்தால் இந்த நிற்றல் இல்லாமல் போகும். ரஃபிங்குக்கு (முதற்கட்டப் பருவெட்டுக்கு) ட்ரோகாய்டல், அதாவது சிறு வட்டங்களாகச் சுழன்று முன்னேறும் பாதை கிடைக்குமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: திரையில் தெரியும் ஃபீட் கட்டரின் மையம் நகரும் வேகம். உள்வளைவில் மையம் சின்ன வில்லிலும் வெட்டும் விளிம்பு பெரிய வில்லிலும் செல்கின்றன. மூலை ஆரம் 5, கட்டர் ஆரம் 4 என்றால், மையம் 127-இல் நகரும்போதே சுவரைத் தொடும் விளிம்பு 636-இல் நகர்கிறது. ஆகவே அந்த இடத்தில் ஃபீட் குறைவது கணக்குப்படி சரியே; அதைக் கண்டு பதறி ஆர்பிஎம்மைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி (ஆம்பூர், ஷூ சோல் மோல்டு செய்யும் பெண் புரோகிராமர்): வணக்கம் சார். அலுமினியத்தில் 6 மி.மீ. இருபல் பால்நோஸ் (உருண்டை முனைக் கட்டர்) கொண்டு ஃபினிஷிங் செய்கிறேன். ஆர்பிஎம் 12000, ஃபீட் 3000 கொடுத்தாலும் திரையில் 900-ஐத் தாண்டுவதில்லை. ஆர்பிஎம்மைக் குறைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. 900-இலும் ஒரு பல்லுக்கு 0.0375 மி.மீ. கிடைக்கிறது, அலுமினியத்துக்கு அது போதும். பால்நோஸின் முழு விட்டமும் இங்கே வெட்டுவதில்லை. சமதளப் பரப்பில் 0.2 மி.மீ. ஆழம் எடுக்கும்போது உலோகத்தைத் தொடும் விட்டம் ஏறக்குறைய 2.15 மி.மீ. மட்டுமே; எனவே நீங்கள் 226 மீட்டர் என்று நினைக்கும் வெட்டு வேகம் உண்மையில் 81 மீட்டர்தான். ஆர்பிஎம்மைக் குறைத்தால் அது இன்னும் கெடும். சோலின் வரிவடிவங்கள் மிகச் சிறிய நேர்க்கோட்டுத் துண்டுகளாகப் புரோகிராமில் வருவதாலேயே மெஷின் தயங்குகிறது. ஃபனுக் நிறுவனக் கன்ட்ரோலில், வரப்போகும் பாதையை முன்கூட்டிப் பார்த்து வேகத்தைச் சீராக்கும் ஏஐ கான்டூர் வசதி இருந்தால் ஜி05.1 க்யூ1 கட்டளை கொடுத்து இயக்குங்கள். வெட்டும் பாதையை உருவாக்கும் கேம் மென்பொருளில் டாலரன்ஸையும் (அனுமதிக்கும் பிழையளவையும்), துண்டுகளை வில்லாக இணைக்கும் வசதியையும் சரிபாருங்கள்.

கேள்வி (காட்பாடி, மரக்கதவு வேலைப்பாடு): என் ரவுட்டர் ஜிஆர்பிஎல் எனும் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓடுகிறது. தேக்கில் மூலைதோறும் கருகுகிறது. லேசர் மோடைப் போட்டுவிட்டால் ஃபீடுக்கு ஏற்ப ஸ்பிண்டிலும் மாறும் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா அண்ணா?

பதில்: அது லேசருக்கே உரிய வசதி, ஸ்பிண்டிலில் அதைப் போடாதீர்கள். லேசர் ஒளிக்குச் சுழலும் எடை கிடையாது. எனவே நகரும் வேகத்துக்கேற்ப அதன் சக்தியை நொடிக்குள் பலமுறை ஏற்றி இறக்கலாம். லேசர் மோடுக்கான டாலர் 32 அமைப்பை 1 ஆக்கினால், எம்4 கட்டளையில்தான் அந்த ஏற்ற இறக்கம் நடக்கும். ஆனால் ஸ்பிண்டிலுக்கு எம்4 என்பது எதிர்த்திசைச் சுழற்சி. திசை ஒயரும் இணைந்திருந்தால் பிட் தலைகீழாகச் சுற்றும். ஜி0-வில் (வெட்டாமல் விரைந்து) நகரும்போது வெளியீடும் அணைந்துவிடும். சுழலாத பிட் மரத்தில் இறங்கினால் ஒடிந்துதான் போகும்.

கருகலுக்கு மருந்து வேறு. வேலை முழுவதற்கும் ஆர்பிஎம்மை ஒரே தடவையாக 18000-லிருந்து 12000 பக்கம் இறக்கி, பற்கள் குறைந்த பிட்டைப் போடுங்கள். மெஷினின் ஆக்சலரேஷன் அளவைத் தடுமாற்றம் வராத எல்லைவரை உயர்த்துங்கள். உங்களுடையது காற்றால் குளிரும் ஸ்பிண்டில் என்றால் மிகக் கீழே போகாதீர்கள். அதன் விசிறியும் அதே தண்டில்தான் சுற்றுகிறது.

கேள்வி (வேலூர், பாலிடெக்னிக் மாணவர்): ஜி95 (ஒரு சுற்றுக்கு இத்தனை மி.மீ. என்று ஃபீட் கொடுக்கும் கட்டளை) போட்டால் இந்தச் சிக்கலே தீர்ந்துவிடாதா, சார்?

பதில்: ஜி95-இல் ஃபீடுதான் ஸ்பிண்டிலைப் பின்தொடர்கிறது, ஃபீடைப் பார்த்து ஸ்பிண்டில் மாறுவதில்லை. மூலையில் அச்சுகள் தாமதித்தால் அங்கும் பல்லின் பங்கு குறையவே செய்யும். இரண்டும் பிசகாமல் பிணைந்தே ஆகவேண்டிய வேலை ரிஜிட் டாப்பிங், அதாவது துளைக்குள் மரை வெட்டுதல். எம்10 அளவு, 1.5 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி) டாப்பை 300 ஆர்பிஎம்மில் இறக்கினால் ஃபீட் சரியாக 450 ஆக இருக்க வேண்டும். ஸ்பிண்டில் சுழற்சியை அளக்கும் என்கோடர் அதைக் கண்காணிப்பதாலேயே, ரிஜிட் டாப்பிங்குக்கான எம்29-உடன் ஜி84 ஓடும்போது ஃபீட் ஓவர்ரைடு (வேகத்தைக் கையால் ஏற்றி இறக்கும் திருகு) வேலை செய்வதில்லை.

கேள்வி (வாலாஜாபேட்டை, ஜாப் ஒர்க் பட்டறை உரிமையாளர்): எஸ்எஸ் 304 துருப்பிடிக்கா எஃகில் சத்தம் வந்தால் எங்கள் பையன்கள் ஃபீட் ஓவர்ரைடை 30 சதவீதத்துக்குத் திருகிவிடுகிறார்கள். கட்டர் செலவு கட்டுப்படியாகவில்லை.

பதில்: ஃபீட் நெடுநேரம் குறைந்தே இருக்கப் போகிறது என்றால் ஸ்பிண்டிலையும் உடன் குறைப்பது நியாயம், முதல் கேள்வியில் சொன்ன தாமதம் இங்கே ஒரு பொருட்டல்ல. 304 தேய்க்கத் தேய்க்கக் கெட்டிப்படும் எஃகு; ஃபீடை மட்டும் 30-க்கு இறக்கினால், ஒரு பல் கெட்டியாக்கிவிட்டுப் போன தோலிலேயே அடுத்த பல் உரச வேண்டியிருக்கும். ஃபீட் ஓவர்ரைடு 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்றும், சத்தம் வந்தால் முதலில் ஸ்பிண்டில் ஓவர்ரைடைப் பத்துப் பத்தாகக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்றும் மெஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஹோல்டரிலிருந்து கட்டர் எவ்வளவு நீளம் வெளியே தொங்குகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.